தொட்டிக் கண்ணாடியில் கீறல்: தப்பு பிளேடு மேலயா, மணல் மேலயா?



போன செமஸ்டர் லீவுல எங்க பெரியப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். "கொஞ்ச நாளைக்குக் குனியக் கூடாது, கண்ணுல தண்ணி படக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போ ஹாலில் இருக்கும் உப்புநீர் மீன் தொட்டியை யார் பார்த்துக்கொள்வது? "மெக்கானிக்கல் படிக்கிறான் இல்ல, அவன் பார்த்துப்பான்" என்று பெரியம்மா என்னைக் கை காட்டிவிட்டார்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பெரியப்பா ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அந்தத் தொட்டிதான். உள்ளே ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு கோபி மீன், நாலைந்து சாஃப்ட் கோரல். தினமும் சாயங்காலம் லைட் போட்டுவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். டிவி கூட வேண்டாம்.

மூன்றாம் நாள் முன்கண்ணாடியில் பழுப்பாகப் பாசி படிந்திருந்தது. மேக்னெட் கிளீனரை எடுத்தேன். உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒரு காந்தம். வெளியே இருப்பதை நகர்த்தினால் உள்ளே இருப்பது கூடவே வந்து துடைக்கும். மேலிருந்து கீழே மணல் வரைக்கும் இழுத்தேன். "கர்ர்" என்று ஒரு சத்தம். கெட்டிப்பட்ட பாசி போல என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். சாயங்காலம் லைட் போட்டதும்தான் தெரிந்தது. ஒரு அடி நீளத்துக்கு அரைவட்டமாக வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கீறல்.

ஒரு வாரம் கழித்துக் கண்ணில் போட்டிருந்த கட்டும் கறுப்புக் கண்ணாடியும் போன பிறகு பெரியப்பா தொட்டி முன்னால் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "புதுக் கண்ணு நல்லாத்தான்டா தெரியுது. கீறல் கூடத் தெரியுது" என்றார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

அந்தக் கீறல் ஏன் விழுந்தது என்று தேடியதில் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை. நாம் பரீட்சைக்காகப் படித்து மறந்த பாடங்கள்தான் அதில் பாதி!

எது எதைக் கீறும்?

முதல் செமஸ்டரில் மெட்டீரியல் சயின்ஸில் மோஸ் அளவுகோல் படித்திருப்போம். அதிக எண் கொண்ட பொருள் குறைந்த எண் கொண்டதைக் கீறும். உப்புநீர்த் தொட்டிக்குள் இருப்பவற்றையும், சுத்தம் செய்யப் பயன்படுபவற்றையும் வரிசைப்படுத்தினால் ஏறத்தாழ இப்படி வரும்:

விரல் நகம் – 2.5
அக்ரிலிக் – சுமார் 3
கோரலைன் பாசியின் சுண்ணாம்பு ஓடு – சுமார் 3
அரகோனைட் மணல் – 3.5 முதல் 4
தொட்டிக் கண்ணாடி – சுமார் 5.5
எஃகு பிளேடு – 5.5 முதல் 6.5
குவார்ட்ஸ் மணல் – 7
அலுமினியம் ஆக்சைடு – 9

இந்தப் பட்டியலில் எனக்கு ஆச்சரியம் தந்தது கோரலைன் பாசி. கண்ணாடியில் ஊதா நிறத்தில் கல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, அது. பார்க்கத்தான் முரடு. அது மெக்னீசியம் கலந்த கால்சைட், கண்ணாடியைவிட மென்மையானது. அதைச் சுரண்டினால் கண்ணாடி கீறும் என்று பயப்பட வேண்டியதே இல்லை. கண்ணாடியைக் கீறக் கூடியது குவார்ட்ஸ்.

5.5-க்கும் 7-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். மோஸ் எண் வெறும் வரிசை எண்தான், அளவு அல்ல. விக்கர்ஸ் எண்ணில் பார்த்தால் கண்ணாடி சுமார் 550, குவார்ட்ஸ் 1,100-க்கு மேல். அதாவது இரண்டு மடங்கு.

சரி, பெரியப்பா தொட்டியில் இருப்பது அரகோனைட் மணல்தானே? உப்புநீர்த் தொட்டிக்கென்று கடையில் விற்கும் வெள்ளை மணல் பெரும்பாலும் அதுதான். 4-ஆம் எண் 5.5-ஐக் கீற முடியாதே? கணக்கு உதைத்தது.

வினிகர் டெஸ்ட்

ஒரு ஸ்பூன் மணலை எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, ஒரு டம்ளரில் போட்டு வெள்ளை வினிகர் ஊற்றினேன். அரகோனைட் என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு வந்து நுரைக்கும்; மெல்ல மெல்லக் கரைந்தும்விடும். குவார்ட்ஸ் அசையாது.

நுரைத்தது. ஆனால் இரண்டு நாள் வினிகரை மாற்றி மாற்றி ஊற்றிய பிறகும் டம்ளரின் அடியில் பழுப்பு நிறத்தில் மணல் மிச்சம் இருந்தது. அதில் ஒரு சிட்டிகை எடுத்து, வேண்டாத ஒரு கண்ணாடித் துண்டின் மேல் போட்டு ரப்பரால் அழுத்தித் தேய்த்தேன். கீறல் கோடு கோடாக விழுந்தது. (நீங்கள் செய்து பார்த்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.)

டம்ளரை பெரியப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆரம்பத்துல வாங்கின மணல் பத்தலடா. கடல் மீன்தானே, கடல் மணல் போட்டா என்னன்னு பீச்ல இருந்து ரெண்டு பக்கெட் அள்ளிட்டு வந்து, அலசி அடியில போட்டேன்."

நம்ம ஊர்க் கடற்கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ்தான். கூடவே கார்னெட், இல்மனைட் போன்ற கனிமங்களும் இருக்கும். கார்னெட்டும் கண்ணாடியைக் கீறக் கூடியதே. அடியில் கிடந்த அந்த மணலை, தோண்டித் தோண்டி இரை தேடும் கோபி மீன் மேலே கொண்டுவந்திருக்கிறது. நான் அதற்குள் காந்தத்தை இறக்கியிருக்கிறேன்.

பஞ்சு மென்மைதானே, அது எப்படிக் கீறும்?

இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மேக்னெட் கிளீனரின் உள்பக்கம் வெல்க்ரோ மாதிரி ஒரு மென்மையான பட்டை. அது கண்ணாடியைக் கீறவே கீறாது. ஆனால் அதில் ஒரு மணல் துகள் மாட்டிக்கொண்டால்?

மேனுஃபாக்சரிங் லேபில் லேப்பிங் செய்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கடினமான வேலைப்பொருளைத் தேய்க்க அதைவிட மென்மையான உலோகத் தட்டைத்தான் எடுப்போம். ஏன்? மென்மையான தட்டில்தான் அப்ரேசிவ் துகள் பதிந்து அசையாமல் நிற்கும். நின்றால்தான் எதிரே இருப்பதை வெட்டும். மேக்னெட் பட்டையில் மணல் சிக்கினால் நடப்பதும் அதேதான். பட்டையின் மென்மை மணலுக்குக் கைப்பிடி ஆகிவிடுகிறது. சும்மா உருண்டு போகும் துகளைவிட, பிடித்து நிறுத்தப்பட்ட துகள் பல மடங்கு மோசமாகக் கீறும்.

நான் செய்த இரண்டாவது தப்பு, சத்தம் கேட்டும் அழுத்தித் தேய்த்தது. டிரைபாலஜியில் ஆர்ச்சர்ட் சமன்பாடு சொல்வது இதைத்தான்: தேயும் அளவு, அழுத்தும் விசைக்கும் நகரும் தூரத்துக்கும் நேர்விகிதம். விசையை இரட்டிப்பாக்கினால் சேதமும் இரட்டிப்பு. இதனால்தான் கண்ணாடியின் தடிமனுக்கு ஏற்ற காந்தம் வாங்க வேண்டும். 12 மி.மீ. கண்ணாடிக்கென்று செய்த காந்தத்தை 6 மி.மீ. கண்ணாடியில் போட்டால் அது தேவைக்கு மேல் அழுத்தும். மாட்டியிருக்கும் துகளும் அவ்வளவு ஆழமாக உழும்.

பிளேடு நல்லதா, கெட்டதா?

எஃகு பிளேடு பட்டியலில் கண்ணாடிக்குச் சமமாக அல்லது சற்று மேலே இருக்கிறது. ஆனாலும் கோரலைன் பாசியை எடுக்கப் பல வருஷம் தொட்டி வைத்திருப்பவர்கள் பிளேடைத்தான் நம்புகிறார்கள். காரணம் இருக்கிறது. நேரான, கூர்மையான விளிம்பு கண்ணாடியோடு தட்டையாகப் படிந்து போகும்போது விசை முழு நீளத்திலும் பரவுகிறது. மணல் துகள் சிக்க இடமும் இல்லை. விளிம்பு அதைத் தள்ளிக்கொண்டே போகும்.

பிளேடு கீறுவது மூன்று சந்தர்ப்பங்களில். ஒன்று, சாய்ந்து போய் மூலை மட்டும் கண்ணாடியில் குத்தும்போது. இரண்டு, விளிம்பில் பல் விழுந்திருக்கும்போது. மூன்று, துருப்பிடித்திருக்கும்போது. சாதாரண கார்பன் ஸ்டீல் பிளேடு உப்புத் தண்ணீரில் ஒரே நாளில் துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும். ஒரு தடவை போட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஸ்டெயின்லெஸ் பிளேடு என்றால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் விளிம்பை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

இன்னொன்று. கண்ணாடிகள் சேரும் மூலையில் இருக்கும் சிலிக்கோனில் பிளேடு படவே கூடாது. கீறலாவது அழகைத்தான் கெடுக்கும். சிலிக்கோன் அறுந்தால் ஹால் முழுக்கத் தண்ணீர்.

சுத்தம் செய்யும் முறை

இப்போது நானும் பெரியப்பாவும் பின்பற்றுவது இதுதான்.

1. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை லேசாகத் துடைப்பது. பழுப்பாகப் படியும் டயட்டம் படலம் புதிதாக இருக்கும்போது விரலால் தொட்டாலே வந்துவிடும். விட்டு வைத்தால்தான் அதன் மேல் மற்றது ஏறி, அழுத்தித் தேய்க்க வேண்டிய நிலை வரும்.

2. தொடங்கும் முன் வேவ்மேக்கரையும் பம்பையும் நிறுத்துவது. ஓட்டத்தில் பறக்கும் மணல் அடங்கும். கையை உள்ளே விடுவதாக இருந்தால் ஹீட்டரையும் சேர்த்து எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

3. காந்தத்தின் பட்டையை ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்து, தண்ணீரில் அலசி, விரலால் தடவிப் பார்ப்பது. தொட்டிக்குள்ளேயே விட்டுவைத்தால் அதில் மணலும் குட்டி நத்தைகளும் குடியேறிவிடும். உறை வெடித்த காந்தம் என்றால் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் இரும்புச் சேர்மம் உப்புநீரில் துருப்பிடிக்கும்.

4. மணலுக்கு மேல் நான்கு விரல் அகலம் காந்தத்துக்குத் தடை. நாங்கள் வெளிப்பக்கம் சின்ன டேப் துண்டு ஒட்டி எல்லை போட்டுவிட்டோம். அதற்குக் கீழே காந்தம் போகாது.

5. அந்த நான்கு விரல் பகுதிக்குப் பிளேடு. முதலில் கண்ணாடியை ஒட்டிய மணலை விரலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கீழிருந்து மேலாக மட்டும் இழுப்பது. பிளேடைக் கண்ணாடியோடு நன்றாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், செங்குத்தாக அல்ல. மேலிருந்து கீழே தள்ளினால் கடைசியில் மணலில்தான் போய்க் குத்தும்.

6. காந்தம் கைதவறி மணலில் விழுந்தால், வெளிக் காந்தத்தால் அப்படியே கவ்வி மேலே இழுக்காதீர்கள். சோம்பேறித்தனம் பார்க்காமல் கையை விட்டு எடுத்து, அலசி, பிறகு போடுங்கள். பாதிக் கீறல்கள் அந்த ஒரு நொடியில்தான் விழுகின்றன என்பது பெரியப்பாவின் கருத்து.

7. "கர்ர்" சத்தம் கேட்டால் உடனே நிறுத்துவது. கண்ணாடியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இழுப்பு.

8. பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பர் வேண்டவே வேண்டாம். அவற்றில் பலவற்றில் அலுமினியம் ஆக்சைடு போன்ற துகள்களை ஒட்டியிருப்பார்கள். பட்டியலில் 9-ஆம் எண்! சோப்பு ஒட்டியிருந்தால் மீன்களுக்கும் ஆபத்து.

9. வெளிப்பக்கத்தையும் மறக்கக் கூடாது. விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பு மென்மையானதுதான். ஆனால் நம்ம ஊர்த் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது. காய்ந்த துணியால் தேய்க்காமல், ஈரத்துணியால் முதலில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். வெளிக் காந்தத்தின் பட்டையிலும் இதே தூசி சேரும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரைத் தொட்டி பக்கத்தில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அமோனியா மீனுக்கு விஷம்.

அக்ரிலிக் தொட்டி என்றால்

மேலே சொன்ன பிளேடு விஷயம் கண்ணாடிக்கு மட்டும். அக்ரிலிக் எடை குறைவு, எளிதில் உடையாது. ஆனால் மோஸ் எண்ணில் சுமார் 3. அதாவது அரகோனைட் மணலே அதைக் கீறிவிடும். எஃகு பிளேடு பக்கத்திலேயே போகக் கூடாது. அக்ரிலிக்குக்கென்று விற்கும் மென்பட்டை, பிளாஸ்டிக் பிளேடு அல்லது காலாவதியான பிளாஸ்டிக் கார்டின் விளிம்பு போதும். கடல் முள்ளெலி வளர்த்தால் அது பாசியைச் சுரண்டித் தின்னும்போதே பல்லால் கோடு போட்டுவிடும். ஒரே ஆறுதல், அக்ரிலிக்கில் விழுந்த கீறலைப் பாலிஷ் செய்து எடுப்பது கண்ணாடியைவிடச் சுலபம்.

கீறல் விழுந்தேவிட்டால்?

எனக்கு முதலில் வந்த பயம் தொட்டி உடைந்துவிடுமோ என்பதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 45 செ.மீ. ஆழத்தில் கடல்நீரின் அழுத்தம் சுமார் 4.5 கிலோபாஸ்கல். மேலே பூஜ்ஜியம்; சராசரி அதில் பாதி. 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. உயரம் உள்ள முன்கண்ணாடியில் மொத்த விசை சுமார் 916 நியூட்டன். சுமார் 93 கிலோ எடையுள்ள ஒரு ஆள் இராப்பகலாக அந்தக் கண்ணாடியில் சாய்ந்து நிற்பது மாதிரி!

கண்ணாடியின் வலிமை அதன் மேற்பரப்பில் இருக்கும் நுண்வெடிப்புகளைப் பொறுத்தது என்று 1921-லேயே கிரிஃபித் காட்டிவிட்டார். வெடிப்பு நான்கு மடங்கு ஆழமானால் தாங்கும் தகைவு பாதியாகிவிடும். இழுவிசை இருக்கும் இடத்தில் ஈரமும் சேர்ந்தால் வெடிப்பு மெதுவாக வளரவும் செய்யும்.

ஆனால் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் இங்கே கை கொடுக்கிறது. தண்ணீர் தள்ளும்போது கண்ணாடி வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வளைகிறது. அப்போது நடுப்பகுதியில் வெளி முகத்தில் இழுவிசை, உள் முகத்தில் அமுக்கவிசை. கிரிஃபித் வெடிப்பைத் திறப்பது இழுவிசை. ஆகவே நடுவில், உள்பக்கத்தில் விழுந்த மெல்லிய கீறல் பெரும்பாலும் அழகுப் பிரச்சினை மட்டுமே. நகம் தடுக்கும் அளவுக்கு ஆழமான கீறல், ஓரத்தில் சில்லு பெயர்ந்தது, வெளிப்பக்கத்து ஆழமான வெட்டு, இவற்றைத்தான் சீரியஸாக எடுத்துக்கொள்ள வேண்டும். கோடு நீள்கிறது என்று தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம்: தண்ணீரைக் குறைத்து மீன்களை மாற்றிவிடுங்கள்.

எங்கள் கீறலில் நகம் தடுக்கவில்லை. இருந்தாலும் இரண்டு முனைகளையும் வெளிப்பக்கம் மார்க்கரால் புள்ளி வைத்துக் குறித்திருக்கிறோம். மாசம் ஒரு தடவை பார்க்கிறோம். இதுவரை நகரவில்லை.

சீரியம் ஆக்சைடு வைத்துப் பாலிஷ் செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம். ஆனால் தொட்டியைக் காலி செய்த பிறகுதான். மீன் இருக்கும் தொட்டிக்குள் செய்ய முடியாது. ஆழமான கீறலுக்கு நிறைய கண்ணாடியைத் தேய்க்க வேண்டிவரும். அந்த இடம் குழிந்து, பின்னால் தெரியும் மீன் நெளிந்து தெரியும்.

ஒரு சின்ன ஆப்டிக்ஸ் செய்தியோடு முடிக்கிறேன். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52, கடல்நீருக்கு 1.34, காற்றுக்கு 1. நேராக விழும் ஒளியில் கண்ணாடியும் காற்றும் சேரும் இடத்தில் சுமார் 4.3 சதவீதம் திரும்பும். கண்ணாடியும் கடல்நீரும் சேரும் இடத்தில் வெறும் 0.4 சதவீதம். அதனால் தண்ணீர் நிரம்பிய உள்கீறல் மங்கலாகத் தெரியும், தொட்டியைக் காலி செய்தால் பளிச்சென்று தெரியும். செகண்ட் ஹேண்ட் தொட்டி வாங்கப் போகிறீர்களா? தண்ணீரோடு பார்த்து ஏமாறாதீர்கள். காலியாக, காய்ந்த நிலையில், மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள்.

பெரியப்பா இப்போது காந்தத்தை என்னிடம் தருவதற்கு முன்னால் பட்டையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் தருகிறார். நான் வாங்கி இன்னொரு தடவை தடவிப் பார்க்கிறேன். அந்தக் கீறலுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் சாஃப்ட் கோரலை நகர்த்தி வைத்திருக்கிறார். "லைட்டு போட்டா கோடு தெரியல பாரு" என்கிறார். எனக்குத் தெரிகிறது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

உங்கள் வீட்டில் தொட்டி இருந்தால் இன்றைக்கே ஒரு ஸ்பூன் மணலை எடுத்து வினிகர் டெஸ்ட் செய்து பாருங்கள் நண்பர்களே. எது மிச்சம் நிற்கிறது என்று தெரிந்தால், காந்தத்தை எதுவரை இறக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.